போல்ட்டுக்குள் ஒடிந்து நின்ற முனை: சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சைக்கிள் போல்ட்டில் கருவியின் முனை ஒடியும்போது பெரிய சத்தம் எதுவும் வராது. சின்னதாக ஒரு 'டிக்' கேட்கும், கை சட்டென்று இலேசாகும், போல்ட் அசைந்து கொடுத்துவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷப்படுவோம். கருவியை உருவிப் பார்த்தால் அதன் நுனி மொட்டையாக இருக்கும். போல்ட்டின் குழிக்குள் ஒடிந்த இரும்பு சாம்பல் நிறத்தில் மினுங்கும். அதன்பின் அந்தக் குழிக்குள் வேறு எந்தக் கருவியும் இறங்காது. சீட்டை உயர்த்தவோ ஹேண்டில்பாரைக் கழற்றவோ முடியாமல் வண்டி அப்படியே நின்றுவிடும்.

என் சைக்கிளில் இது சீட் கிளாம்ப்பில், அதாவது சீட் கம்பியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தில், நேர்ந்தது. 4 மி.மீ. ஆலன் கீ (அறுகோணக் கம்பிச் சாவி) போட வேண்டிய குழி தேய்ந்து வட்டமாகிவிட்டிருந்ததால், சற்றே பெரிய, டி25 என்ற அளவுள்ள நட்சத்திர முனையைச் சுத்தியலால் அடித்து இறக்கித் திருப்பினால் கவ்விக்கொள்ளும் என்ற பழைய உத்தியைக் கையாண்டேன். உத்தியில் குற்றமில்லை, பலமுறை பலன் தந்ததுதான். கைப்பிடியில் ஓரடிக் குழாயை மாட்டி இழுத்தது என் அவசரம். முனை ஒடிந்தது. அதன்பின் ஒரு மாலை முழுவதும் அந்த முனையை டிரில் போட்டுத் துளைக்கப் பார்த்ததில் இரண்டு பிட்கள் மழுங்கின. மூன்றாவது வழுக்கிப் போய்க் கிளாம்ப்பின் அலுமினியத்தில் அரை அங்குலத்துக்குக் கோடு கிழித்தது. மறுநாள் தெருமுனையில் இருந்த லேத் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது, அங்கிருந்த பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "முனைய ஏன் தம்பி நோண்டுறீங்க? அது உள்ளயே கெடக்கட்டும், தலையப் புடிங்க" என்றார். வைஸ் கிரிப்பால் (கவ்விய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும் குறடால்) போல்ட்டின் தலையை வெளியிலிருந்து கவ்வி, ஒரே திருப்பில் கழற்றிக் கையில் கொடுத்தார்.

இந்த வழிகாட்டி முழுவதும் அவர் சொன்ன அந்த வழியைத்தான் பின்பற்றுகிறது. நமக்கு வேண்டியது போல்ட் கழல்வது. முனை தனியாக வெளியே வந்தால் நல்லது. வராவிட்டால் போல்ட்டோடு சேர்த்து அதுவும் போகட்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்படும் வழிகளில் எதை எப்போது எடுப்பது என்பது தானாகவே விளங்கும்.

முனையை ஏன் துளைக்க முடிவதில்லை

ஆலன் கீயும் நட்சத்திர முனைகளும் பெரும்பாலும் குரோம் வனேடியம் எஃகிலோ எஸ்2 எனப்படும் கருவி எஃகிலோ செய்யப்பட்டு, ராக்வெல் சி அளவுகோலில் 60-ஐ ஒட்டிய கடினத்துக்குப் பதப்படுத்தப்பட்டவை. நாம் கடையில் வாங்கும் சாதாரண ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டிரில் பிட் அதைவிடச் சில புள்ளிகள் மட்டுமே கடினமானது. ஆகவே பிட் முனையைச் செதுக்காமல் அதன் மேல் தேய்ந்து சூடாகி, கூர் போய்விடுகிறது. மாறாக, போல்ட் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் முனையைவிட மிருதுவானதே. தலையில் 12.9 என்று உயர்ந்த வலிமைத் தரம் பொறித்த போல்ட்கூட ராக்வெல் சி 39 முதல் 44 வரைதான், 8.8 என்று பொறித்தது அதைவிடவும் குறைவு. துருப்பிடிக்காத எஃகுப் போல்ட் இன்னும் மிருது. போல்ட்டைச் சுற்றியிருக்கும் கிளாம்ப், ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் பாகம்), ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) ஆகியவை அலுமினியமாக இருந்தால், மூன்றிலும் மிக மென்மையானது அதுதான். கடினமான முனையில் இறங்க முடியாத டிரில் மென்மையான பக்கத்துக்கு வழுக்கும். முதலில் போல்ட்டைத் தின்னும், பிறகு வண்டியின் உடலைத் தின்னும். என் கிளாம்ப்பில் விழுந்த கோட்டுக்குக் காரணம் இதுவே.

கை வைப்பதற்கு முன்

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒடிந்த முனை கண்ணாடித் துண்டு போலத் தெறிக்கக்கூடியது என்பதால் இதை மட்டும் விதியாகவே சொல்கிறேன். பிறகு நல்ல வெளிச்சத்தில், கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கி வைத்து, குழியை நன்றாகப் பாருங்கள். முனை தலையின் மட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறதா, மட்டத்தில் நிற்கிறதா, உள்ளே அமிழ்ந்திருக்கிறதா என்பதும், அது எந்த வகை முனை என்பதும் தெரிய வேண்டும்.

வகை ஏன் முக்கியம் என்றால், இரண்டு விதமாக ஒடிந்த முனைகள் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஆலன் கீயின் நீண்ட பக்கத்து நுனியில் உருண்டை வடிவில் ஒரு தலை இருக்கும். சாய்வாகப் பிடித்துச் சுழற்ற வசதியாகச் செய்த அந்த உருண்டைக்குக் கீழே கழுத்து மெல்லியதாகக் கடையப்பட்டிருப்பதால், இறுகிய போல்ட்டை அதனால் திருகினால் கழுத்தில்தான் ஒடியும். அந்த உருண்டை குழியின் சுவரை ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கிறது. எனவே குழிக்குள் விழிபோல அசையக்கூடியது, எளிதில் வெளியேறவும் கூடியது. சுத்தியலால் அடித்து இறக்கிய நட்சத்திர முனையோ ஆப்பு அறைந்தது போல் நிற்கும். அதை ஊசியால் நெம்பி எடுக்க முயல்வதில் பொழுது போக்க வேண்டாம்.

போல்ட் இருக்கும் இடத்தையும் பாருங்கள். தலை முழுவதும் வெளியே தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. ஸ்டெம்மின் முன்தகட்டில் இருப்பதுபோல் தலை ஒரு கிணற்றுக்குள் அமிழ்ந்திருந்தால் வழிகள் குறையும். அக்கம்பக்கத்தில் கார்பன் இழையால் செய்த பாகங்கள் இருந்தால் அடிப்பதும் சூடு காட்டுவதும் கூடாது. டிஸ்க் பிரேக்கின் ரோட்டாராக (சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டாக) இருந்தால் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, எண்ணெய் தெளிக்கும் எண்ணத்தை ஒத்தி வையுங்கள். பிரேக் பேடில் எண்ணெய் பட்டால் போல்ட்டுக்காகத் தொடங்கிய செலவு பேடில் போய் முடியும்.

நான்கு போல்ட் உள்ள ஸ்டெம்மில் புதியவர்கள் செய்யும் ஒரு தவறு, சிக்கிய போல்ட்டை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் முதலில் முழுவதுமாகக் கழற்றுவது. மற்றவை தளர்ந்ததும் தகட்டின் இழுவை முழுவதும் சிக்கிய அந்த ஒன்றின் மேல் விழும்; தகடு கோணிக்கொண்டு அதன் தலையைப் பக்கவாட்டில் அழுத்தும். மற்ற மூன்றும் இறுகியிருக்கும்போதே சிக்கியதைக் கழற்றுங்கள். அவை பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும்.

எளிதில் வரும் முனை

உருண்டை முனையோ, அடித்து இறக்காத நேரான முனையோ ஆனால், முதல் பத்து நிமிடத்தை அதை வெளியே எடுப்பதில் செலவிடலாம். குழிக்குள் இருக்கும் சேற்றையும் பழைய கிரீஸையும் பல் துலக்கும் பழைய பிரஷாலும் ஊசியாலும் சுத்தம் செய்யுங்கள். போல்ட்டைக் கழற்றும் திசையில் திருகும்போது ஒடிந்ததால், முனை அந்தத் திசையில் முறுகிக் குழியின் மூலைகளில் அழுந்தி நிற்கும். ஆகவே, ஊசியை அல்லது கூரான சிறு 'பஞ்ச்' கருவியை (சுத்தியலால் அடிக்கும் கூர்நுனி எஃகுக் கம்பியை) முனையின் ஓரத்தில் சாய்வாக வைத்து, இறுக்கும் திசையில், அதாவது கடிகார முள் சுற்றும் திசையில், சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். மயிரிழை அளவு நகர்ந்தால் போதும், பிடி விட்டுவிடும்.

அதன்பின் போல்ட்டின் தலை தரையைப் பார்க்குமாறு வண்டியைக் கவிழ்த்தோ சாய்த்தோ வைத்துக்கொண்டு, தலையின் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் தட்டிக்கொண்டே இருங்கள். உருண்டை முனை பல நேரங்களில் இப்படித் தானாகவே கீழே விழுந்துவிடும். விழாவிட்டால் இரண்டு தையல் ஊசிகளை எதிரெதிர் மூலைகளில் செருகி இரு பக்கமும் ஒரே நேரத்தில் நெம்பலாம். காந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை: காந்தத்தை நேராகக் கொண்டுபோனால் அது பெரும்பாலும் போல்ட்டின் தலையில் ஒட்டிக்கொள்ளும், முனையைத் தூக்காது. ஊசியின் நுனி முனையைத் தொட்டபடி இருக்க, காந்தத்தை ஊசியின் மறுமுனையில் ஒட்டவைத்தால், ஈர்ப்பு வேண்டிய இடத்துக்கு மட்டும் போய்ச் சேரும்.

கம்பியின் நுனியில் பசை தடவி முனையோடு ஒட்டி இழுக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடத்தில் பசை பிடிக்காது; பிசுக்கே இல்லாமல் துடைத்துவிட்டாலோ, வழிந்த பசை முனையைப் போல்ட்டோடு சேர்த்து ஒட்டிவிடும்.

தலையைப் பிடிப்பது

மேற்சொன்னவை பலிக்கவில்லை என்றால், முனையை மறந்துவிட்டுத் தலைக்கு வாருங்கள். சைக்கிளில் அதிகம் காணப்படும் எம்5 (தண்டு 5 மி.மீ. தடிமனுள்ள) உருளைத் தலைப் போல்ட்டின் தலை 8.5 மி.மீ. அகலமும் 5 மி.மீ. உயரமும் கொண்டது, எம்6 என்றால் 10 மி.மீ. அகலம், 6 மி.மீ. உயரம். இந்தத் தலையில் 3 மி.மீ. அளவாவது வெளியே தெரிந்தால் வைஸ் கிரிப் போதும். சாதாரணக் கட்டிங் பிளையரால் முயல வேண்டாம். கையின் பலத்தை மட்டும் நம்பியிருக்கும் அதன் தாடை வழுக்கும், வழுக்கும் ஒவ்வொரு முறையும் தலையை மேலும் வழவழப்பாக்கும்.

கவ்வுவதற்கு முன் சின்ன அரத்தால் தலையின் இரு எதிர்ப் பக்கங்களையும் சற்றே தட்டையாக ராவிக்கொள்ளுங்கள். இருபுறமும் அரை மி.மீ. ராவினால் போதும், தாடைக்கு நல்ல பிடி கிடைக்கும். சுற்றியுள்ள பெயின்ட் கெடாமலிருக்க, குளிர்பான டப்பாவிலிருந்து வெட்டிய ஒரு தகட்டுத் துண்டில் ஓட்டை போட்டுத் தலையைச் சுற்றி மாட்டிவிடலாம். வைஸ் கிரிப்பின் பின்புறத் திருகை, தாடையை மூடும்போது கை வலிக்கிற அளவுக்கு இறுக்கமாக வையுங்கள். பின் முதல் அசைவை இறுக்கும் திசையில் ஓர் இழை கொடுத்து, உடனே எதிர்த்திசையில் திருப்புங்கள். துருவின் பிடி இந்த முன்பின் அசைவில் உடைவதுபோல் ஒரே பக்க இழுவையில் உடைவதில்லை. கழலும்போது சிலநேரம் கிறீச் என்று ஒலி வரும். அதைக் கேட்டால் நிறுத்தி, மரையில் (போல்ட்டின் திருகுப் பள்ளங்களில்) இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, மீண்டும் கொஞ்சம் உள்ளே திருப்பி, பிறகு வெளியே எடுங்கள்.

தலை உயரம் குறைந்து, வைஸ் கிரிப் பிடிக்க இடமில்லாத போல்ட்களும் உண்டு. ரோட்டாரின் டி25 போல்ட்கள் அப்படிப்பட்டவை. அவற்றுக்கு இரண்டு வழிகள். முதலாவது, தலையின் விளிம்பில் சென்டர் பஞ்ச்சை நேராக வைத்து அடித்து ஒரு பள்ளம் உண்டாக்கி, அதே பள்ளத்தில் பஞ்ச்சைச் சாய்த்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அடிப்பது. பார்க்க முரட்டு வேலையாகத் தெரிந்தாலும், அடியின் அதிர்வே மரையின் பிடியை உடைப்பதால், சின்னச் சுத்தியலின் கூர்மையான நான்கைந்து அடியிலேயே போல்ட் நகர்வதைப் பார்த்திருக்கிறேன். ரோட்டாரின் மேல் பஞ்ச் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வளைந்த ரோட்டாரை நேராக்குவது தனிக் கதை.

இரண்டாவது, தலையின் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டித் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் திருப்புவது. இதற்கு ஹேக்சா பிளேடு உதவாது. பிளேடின் பல் போல்ட்டை அறுக்கும், நடுவில் நிற்கும் முனையின் மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும். கையடக்கமான ரோட்டரி கிரைண்டரில் மெல்லிய கட்டிங் டிஸ்க் மாட்டி வெட்ட வேண்டும்; சாணைப் பொருளுக்கு முனையின் கடினம் ஒரு பொருட்டல்ல. ஒன்றரை முதல் 2 மி.மீ. ஆழம் போதும். அதற்கு மேல் போனால் தலை இரண்டாகப் பிளந்துவிடலாம். வெட்டும்போது முனையும் சேர்ந்து வெட்டுப்படுவதால், சில சமயம் இறுக்கம் தளர்ந்து அதன் துண்டுகள் தாமே உதிர்வதும் உண்டு. பள்ளத்தை முழு அகலத்துக்கும் நிரப்புகிற ஸ்க்ரூ டிரைவரைத் தேர்ந்தெடுத்து, உடல் எடையை அதன் மேல் அழுத்தித் திருப்புங்கள். தீப்பொறி பறக்கும் வேலை என்பதால் டயரையும் கார்பன் பாகங்களையும் ஈரத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சால்டரிங் அயர்ன் வேலைபோல் இதையும் எண்ணெய் தெளித்த உடனே செய்யக் கூடாது.

பின்பக்கமும் இடுக்கும்

சீட் கிளாம்ப்பைப் பொறுத்தவரை இன்னும் இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன; இவற்றை யோசிக்காமலேயே பலர் டிரில்லை எடுத்துவிடுகிறார்கள். கிளாம்ப்பின் மறு காதில் போல்ட்டின் வால் நுனி சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதை வைஸ் கிரிப்பால் பிடித்து அங்கிருந்தே திருப்பலாம். ஆனால் திசை மாறும்: வால் பக்கமிருந்து பார்க்கும்போது கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் போல்ட் கழலும். கை பழக்கத்தில் மறுபக்கம் திருப்பி இன்னும் இறுக்கிவிடுவது எளிது.

இன்னொன்று, கிளாம்ப்பின் இரு காதுகளுக்கும் நடுவே உள்ள இடுக்கு. அதன் வழியே போல்ட்டின் தண்டு கண்ணுக்குத் தெரியும். தலையும் முனையும் எக்கேடு கெட்டாலும், ஹேக்சா பிளேடை மட்டும் சட்டத்திலிருந்து கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, அந்த இடுக்குக்குள் விட்டுத் தண்டை அறுத்துவிடலாம். சாதாரணப் போல்ட் என்றால் கால் மணி நேர வேலை. அறுந்ததும் கிளாம்ப் தானாக விரியும், தலைப் பக்கத்துத் துண்டு கையோடு வரும், மரைப் பக்கத்தில் இழுவையே இல்லாமல் நிற்கும் வால் துண்டைப் பின்பக்கமிருந்து சுழற்றி எடுத்துவிடலாம். கிளாம்ப்பே மலிவான பொருள்தானே, அதையும் சேர்த்து அறுத்து எறியலாமே என்று தோன்றினால், அதுவும் நியாயமான முடிவுதான். சைக்கிள் சட்டத்தின் குழாயில் பிளேடு படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சூடு

போல்ட் அசையவே மறுத்தால், பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: மரையில் தடவிய லாக்டைட் (போல்ட் தளராமலிருக்கப் பூசும் பசை), அல்லது வியர்வையும் மழைநீரும் பட்டு அலுமினியத்துக்கும் எஃகுக்கும் நடுவே விளைந்த வெண்பொடி. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இந்த இரண்டாவதை விரைவுபடுத்தும். இரண்டுக்கும் சூடு நல்ல மருந்து. லாக்டைட் சூட்டில் இளகும். அலுமினியமோ எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவதால், போல்ட்டைச் சுற்றியுள்ள துளை போல்ட்டைவிட அதிகமாக அகன்று கொடுக்கும்.

இதற்காக கேஸ் டார்ச் தேடிப் போக வேண்டாம். ரேடியோ பழுது பார்க்கிறவர்கள் வைத்திருக்கும் சால்டரிங் அயர்னே சைக்கிள் போல்ட்டுக்கு மிகப் பொருத்தமான கருவி என்பது என் கருத்து. அதன் நுனியைத் தலையின் மேல், முனையைத் தொட்டபடி, மூன்று நான்கு நிமிடம் அழுத்தி வைத்திருங்கள். சூடு போல்ட்டின் வழியாகவே மரைக்குப் போகும், பெயின்ட் கருகாது. பிறகு வைஸ் கிரிப்பாலோ ஸ்க்ரூ டிரைவராலோ சூடு ஆறுவதற்குள் திருப்புங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரே ஏற்கெனவே அடித்திருந்தால் நன்றாகத் துடைத்து உலர விடுங்கள், அது எளிதில் தீப்பற்றும். கார்பனிலும், ஹைட்ராலிக் பிரேக்கின் உடலிலும், ஃபோர்க்கின் சீல் அருகிலும் சூடு காட்டவே கூடாது.

முனையை உடைப்பதும் அரைப்பதும்

தலை கிணற்றுக்குள் இருக்கிறது, பின்பக்கம் வழியில்லை, இடுக்கும் இல்லை என்றால் மட்டுமே முனையோடு மோத வேண்டியிருக்கும். கடினமான எஃகு நொறுங்கும் இயல்புடையது என்பதால், கூரான பஞ்ச்சை அதன் மையத்தில் வைத்து ஓங்கி ஓர் அடி அடித்தால் சில முனைகள் பிளந்து வெளியே வந்துவிடும். ஆனால் எஸ்2 எஃகு அதிர்ச்சியைத் தாங்குவதற்காகவே உருவாக்கப்பட்டது. இரண்டு மூன்று அடியில் பிளக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், இன்னும் அடித்தால் அது ஆழமாக இறங்கி இறுகும். ஸ்டெம்மில் அடிப்பதாக இருந்தால் அடியின் பாரம் ஹெட்செட் பேரிங்கில் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கில்) இறங்காதபடி, ஸ்டெம்மின் அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்துக்கொள்ள வேண்டும்.

அரைத்து எடுப்பது நிதானமான வழி. ரோட்டரி கிரைண்டரில் வைரத்தூள் பதித்த சிறு முனையையோ கார்பைடு முனையையோ மாட்டி, ஒடிந்த முனையின் நடுவைக் குடைந்துகொண்டே வந்தால், ஓரச் சுவர் மெல்லியதானதும் ஊசியால் உள்நோக்கி மடித்து எடுத்துவிடலாம். கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள், அழுத்தாதீர்கள், அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குளிரவையுங்கள். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை ஆகாது.

முனை வெளியே வந்த பிறகும் குழி பயன்படாத நிலையில் இருந்தால், இப்போதுதான் டிரில்லுக்கு முறை வருகிறது. கடினமான தடை போய்விட்டதால், அறுகோணக் குழியே டிரில் பிட்டுக்கு வழிகாட்டியாக அமையும். எம்5 போல்ட்டுக்கு முதலில் 4 மி.மீ. பிட்டும் பிறகு 5 மி.மீ. பிட்டும் போட்டு, குறைந்த வேகத்தில், எண்ணெய் விட்டு, தலையின் உயரமான 5 மி.மீ. ஆழம் வரை இறக்குங்கள். தலை ஒரு வளையமாகப் பிரிந்து பிட்டோடு சேர்ந்து சுழலத் தொடங்கும். அந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். ஸ்டெம்மின் மற்ற போல்ட்களையும் கழற்றி முன்தகட்டைத் தூக்கி எடுத்தால், தலையிழந்த தண்டு குச்சி போல் நிற்கும். அதை இறுக்கிப் பிடித்திருந்தது தலையின் இழுவைதான் என்பதால், இப்போது பெரும்பாலும் விரலாலேயே சுழன்று வரும். இவ்வளவு நேரம் வண்டியோடு மல்லுக்கட்டிய பிறகு, அது அப்படிச் சாதுவாகக் கழன்று வருவதைப் பார்க்கையில் கொஞ்சம் கோபம்கூட வரும்.

பட்டறைக்குக் கொண்டுபோகும்போது

லேத் அல்லது வெல்டிங் பட்டறையில் செய்யும் வழி எளிது: ஒரு நட்டைத் தலையின் மேல் வைத்து, உள்ளே வெல்டிங் போட்டு நிரப்பி, ஸ்பேனரால் திருப்புவார்கள். முனை, தலை, நட்டு மூன்றும் ஒன்றாகிவிடும். வெல்டிங்கின் சூடே மரையின் பிடியையும் உடைத்துவிடும். ஆனால் அவர்களுக்குச் சைக்கிளின் நுணுக்கம் பழக்கமில்லாமல் இருக்கலாம். எர்த் கிளிப்பை அதே பாகத்தில், போல்ட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் குண்டுகளைப் பொரித்துவிடும். மின்சார சைக்கிள் என்றால் பேட்டரியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கார்பன் சட்டத்தை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டு போகவே வேண்டாம்.

புதிய போல்ட்

பழைய போல்ட்டை, முனை குத்தி நிற்கும் கோலத்திலேயே, கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். நீளமும் மரை அளவும் அதனோடு ஒத்துப்போக வேண்டும்; எம்5 என்றால் மரை இடைவெளி 0.8 மி.மீ., எம்6 என்றால் 1 மி.மீ. ஸ்டெம் போன்ற உயிர் தாங்கும் இடங்களில், பளபளப்புக்காகச் சாதாரணத் துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டை மாற்றிப் போடாதீர்கள். முன்பு 10.9 அல்லது 12.9 இருந்திருந்தால் அதே தரம்தான் வேண்டும். போடுவதற்கு முன் எம்5 டாப்பை (துளைக்குள் மரை வெட்டும் கருவியை) எண்ணெயோடு கையால் ஓட்டி மரையைச் சுத்தம் செய்யுங்கள். மரை கழன்று போயிருந்தால் லேத் பட்டறையில் ஹெலிகாயில் (புதிய மரையாக அமையும் கம்பிச் சுருள்) போட்டுத் தருவார்கள்.

மரையிலும் தலையின் அடியிலும் கொஞ்சம் கிரீஸ் தடவி, டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரால்) இறுக்குங்கள். அளவு அந்தப் பாகத்தின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். சீட் கிளாம்ப்பிலும் ஸ்டெம்மிலும் 5 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருப்பது வழக்கம். ரோட்டார் போல்ட்டுக்கு மட்டும் கிரீஸ் கூடாது. அங்கே லாக்டைட் பூசிய புதிய போல்ட்டைத்தான் போட வேண்டும்.

கருவியையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஆலன் கீ என்ற பெயர் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் இருந்த ஒரு தயாரிப்பு நிறுவனத்திலிருந்து வந்தது. நம் ஊர்க் கடைகளில் அது 'எல்.என். கீ' ஆகி, பெட்டியில் மி.மீ. அளவுகளும் அங்குல அளவுகளும் கலந்தே கிடைக்கின்றன. 3/16 அங்குலக் கீ 4.76 மி.மீ.தான். 5 மி.மீ. குழிக்குள் அது இறங்கும், திருகினால் மூலைகளைத் தின்னும், அங்கிருந்துதான் இந்தக் கதையெல்லாம் தொடங்கும். நுனி தேய்ந்த கீயைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கட்டிங் டிஸ்க்கால் நுனியில் 3 மி.மீ. நறுக்கி, நிறம் நீலமாக மாறாதபடி அடிக்கடி தண்ணீரில் முக்கி எடுத்தால் கூரான மூலைகள் மீண்டும் கிடைக்கும். என்னுடைய டி25 அவ்வளவு அதிர்ஷ்டம் செய்யவில்லை. அதன் நுனி இன்னும் அந்தப் பழைய போல்ட்டுக்குள்தான் இருக்கிறது. மேசை இழுப்பறையில், மழுங்கிய இரண்டு டிரில் பிட்களுக்குப் பக்கத்தில்.